இரண்டு திருகாணிகள்

"பெரியவர் கையெழுத்து வேணும்னு போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, தபால்காரன் டுவெய்ன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பெரியவரின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவனும் ஒருத்தன். பத்தொன்பது நாள் ஆகிறது.

எல்ஸ்பெத் கதவை முழுதாகத் திறந்தாள். நீளமான அட்டைப்பெட்டி. படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரம் அவள் கணவர் ஆர்லன் ஆர்டர் கொடுத்தது. சுவிஸ் பட்டாளம் கழித்துவிட்ட பழைய துப்பாக்கி.

ஆர்லனிடம் சேகரிப்பாளர் லைசென்ஸ் இருந்தது. அரை நூற்றாண்டு தாண்டிய துப்பாக்கி என்றால் கடைக்குப் போக வேண்டாம், வீட்டு வாசலுக்கே வந்துவிடும். வந்ததை அன்றைக்கே அதற்கான புத்தகத்தில் எழுதிவிடுவார். இருபது வருஷத்தில் ஒரு வரி பிசகியதில்லை.

ஆள் போனதும் லைசென்ஸும் போயிற்று. பெட்டி திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஆபீஸிலிருந்தே டுவெய்ன் அதைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஏழு மைல் மண்ரோட்டில் வண்டியில் கொண்டுவந்திருந்தான்.

"நீங்க போட்டாலும் கையெழுத்துதான் மேடம்" என்றான், மாட்டுக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டு.

அவள் தலையாட்டி மறுத்தாள். அவர் புத்தகத்தில் திருட்டு வரி எதுவும் ஏறக்கூடாது. பத்து நிமிஷம் மட்டும் கொடு, அப்புறம் எடுத்துக்கொண்டு போ என்றாள்.

எதற்கென்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

சுவிஸ் சிப்பாய்களுக்கு ஒரு பழக்கம். துப்பாக்கிக் கட்டையின் அடியிலுள்ள இரும்புத் தகட்டைக் கழற்றி, தங்கள் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டை உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். வாங்குகிறவர்கள் குழலைக்கூடப் பார்க்காமல் முதலில் திருப்புளியைத் தேடுவார்கள்.

ஆர்லனும் அப்படித்தான். ஆனால் சீட்டில் இருப்பது ஜெர்மன். எல்ஸ்பெத்தின் தாத்தா சுவிட்சர்லாந்திலிருந்து விஸ்கான்சினுக்குப் பாலாடைக்கட்டி செய்ய வந்தவர். அதனால் படிப்பது எப்போதும் அவள் வேலை.

படித்ததும் அந்த முகவரிக்கு ஒரு கடிதம் போடுவார்கள். உங்கள் துப்பாக்கி எங்கள் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறது என்று.

செத்தவனுக்கெல்லாம் ஸ்டாம்ப் ஒட்டுகிறீர்களே என்று டுவெய்ன் கிண்டல் செய்வான். உன் சம்பளம் அதில்தான்டா வருகிறது என்பார் ஆர்லன்.

பதினாலு துப்பாக்கிக்கு ஐந்து பதில்கள் வந்தன. எல்லாம் டுவெய்ன் கொண்டுவந்தவை. அவள் வாசித்து முடிக்கும்வரை வண்டியைக் கிளப்பமாட்டான்.

ஒரு கிழவர், அது இடது பக்கம் இழுக்கும், பார்த்துச் சுடுங்கள் என்று எழுதியிருந்தார். ஆர்லன் கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சுட்டுப் பார்த்தார். இழுத்தது. மூன்று நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இன்னொன்றை ஒரு விதவை எழுதியிருந்தாள். அவர் போய் ஆறு வருஷமாகிறது. ஆனாலும் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்ததே, ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் மேஜைமேல் வைத்திருந்தேன் என்று.

அதைக் கேட்டு ஆர்லன் சிரிக்கவில்லை.

டுவெய்ன் வாசலில் நின்று யோசித்தான். அவனுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டே வருஷம். பிரித்த பெட்டியைத் திருப்பி அனுப்பினான் என்று தெரிந்தால் வேலை தங்காது.

பிறகு பெட்டியைச் சமையலறை மேஜைமேல் வைத்து, பேனாக்கத்தியை எடுத்து ஒட்டுத்தாளைக் கிழித்தான்.

திருப்புளி அவளுடைய ஏப்ரன் பையில் தயாராக இருந்தது.

இரண்டு திருகாணிகள். முதலாவது சுலபமாக வந்தது. இரண்டாவதற்கு அவன் கை கொடுக்கப் போனான், அவள் விடவில்லை.

உள்ளே பழுப்பேறிய சீட்டு, நாலாக மடித்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, எப்போதும்போல் எதிர் நாற்காலியைப் பார்த்து அவள் உரக்கப் படித்தாள். ஃப்ரிடொலின் ஏபி. மலைப்படை. கிளாரஸ் பக்கம் ஒரு கிராமம்.

நாற்காலி காலியாக இருந்தது. டுவெய்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

முகவரியை எழுதிக்கொள்ளவில்லையா என்று கேட்டான். அவள் பென்சிலையே எடுத்திருக்கவில்லை.

இது நம்முடையது இல்லையே, இனி வாங்குகிறவர் எழுதிக்கொள்ளட்டும் என்றாள்.

சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தாள். பிறகு ஏப்ரன் பையில் மறுபடி கை விட்டாள்.

இன்னொரு சீட்டு. வெள்ளைத்தாள், அதே அளவுக்கு நாலாக மடித்தது. சரியாக மடிந்திருக்கிறதா என்று ஒருமுறை பிரித்துப் பார்த்தாள்.

டுவெய்னுக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது. ஆர்லன் டாலெஃப்சன். கீழே இந்த வீட்டுத் தபால்பெட்டி எண். தூக்கத்தில் கேட்டாலும் அவன் சொல்லக்கூடிய எண். தேதி எதுவும் இல்லை.

முதல் சீட்டுக்குப் பக்கத்தில் அதைச் செருகி, தகட்டை வைத்து, இரண்டு திருகாணிகளையும் கை வலிக்க முடுக்கினாள்.

டுவெய்ன் பெட்டியைச் சுற்றி இரண்டு தடவை டேப் ஒட்டினான். தோளில் ஏற்றிக்கொண்டு போய் வண்டியில் வைத்தான். கிளப்பியவன், மறுபடி அணைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"யாராவது தொறந்து பாத்து, அவருக்குக் கடிதாசு போட்டா?"

"கொண்டு வந்து குடு" என்றாள் எல்ஸ்பெத். "அன்னிக்குப் பிரிக்க மாட்டேன். மறுநாள் வா, படிச்சுக் காட்டறேன்."