ஆறவைத்த பொடி

ஆய்வகத்தில் ஞானசீலனின் கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே தெரிந்த தோலில் நரம்பைத் தாக்கித் தசையைத் துடிக்கவைக்கும் நஞ்சு ஒரு துளி விழுந்தது. உடன் வேலை செய்யும் திலோத்தமை ஜாடியைக் கவிழ்த்து அவன் மணிக்கட்டை வெள்ளைப் பொடியால் மூடினாள். பொடியின் மேற்பரப்பில் ஒட்டியதும் நஞ்சு உடைந்துபோகும்.

"ஆட்டாதீங்க. காலையில சூடு பண்ணி ஈரத்த எடுத்த பவுடர்தானே?"

"ஆமா. ஆறட்டும்னு மூடியத் திறந்து ஜன்னலோரம் வச்சேன்."

பொடியை அழுத்திய அவள் விரல்கள் நின்றன. ஈரக்காற்று பட்டால் பொடி முதலில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்; பிறகு நஞ்சுக்கு அதில் இடமிருக்காது. பார்வைக்கு மட்டும் அதே வெள்ளை.

அவன் ஜன்னலைப் பார்த்தான். கம்பியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மழை எப்பங்க ஆரம்பிச்சுது?"

அவனுடைய சுண்டுவிரல் துடித்தது.

"பயம்தான்," என்றாள், அவன் கேட்பதற்கு முன்பே.