விளம்பரத்து அம்மா

“இப்பவே, என் எதிர்லயே படிங்க சார்.” எடிட்டரிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று, எனக்கு இங்கே வேலை பிடித்துத்தந்த அக்கா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, என் நாலு பக்கத்தை வெளிச்சத்துக்கு நகர்த்துகிறார். ஜன்னல் கம்பிகளின் நிழல் என் வரிகள்மேல் கோடு போடுகிறது. பல் வைத்தியம், தண்ணீர் மோட்டார், காப்பீடு, யாரோ ஒருவரின் மேடைப் பேச்சு என்று கேட்டதையெல்லாம் இவருக்கு எழுதிக் கொடுத்தவள் நான். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. இது மட்டும்தான் எனக்காக எழுதியது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற என் அம்மாவைப் பற்றி. கடைசிப் பக்கத்தை மெதுவாகக் கவிழ்க்கிறார். “நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இவங்க இன்ஷூரன்ஸ் விளம்பரத்துல வர்ற அம்மா மாதிரி இருக்காங்களே.” தாளை வெடுக்கென்று இழுத்துப் பார்க்கிறேன். ‘களைத்த முகத்திலும் கனிந்த புன்னகை.’ அம்மா எங்கே புன்னகைத்தாள்? ப்ளீச்சில் வெந்த விரலை ஊதிக்கொண்டே சூப்பர்வைசரின் ஏழு தலைமுறையையும் சந்திக்கு இழுப்பாள். அதில் ஒரு வசவுகூட இங்கே இல்லை. ஊருக்கெல்லாம் எழுதி எழுதி, பெத்தவளையே விளம்பரத்து அம்மாவாக்கி வைத்திருக்கிறேன். “அட, வருத்தப்படாதே. அந்த இன்ஷூரன்ஸ்காரங்களே இதை எடுத்துப்பாங்க, பேசட்டுமா?” நிஜமாகவே உதவத்தான் பார்க்கிறார், அதுதான் எரிகிறது. தாள்களை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போடுகிறேன். “ஏம்மா, அப்ப நாளைக்குப் பல் கட்டுரை?” “வேற ஆளைப் பாருங்க சார்,” என்கிறேன், மாடிப்படியில் பாதி இறங்கியபடி.