ஏற வேண்டிய கோடு

"மெஷினை ஆன் பண்ணியா, இல்ல பக்கத்துல உக்காந்து தூங்கிட்டியா?"

ஆய்வுக்கூடத் தலைவர் வரைபடக் காகிதத்தை மேஜைமேல் வீசினார். சந்தேகப்படவென்றே பிறந்தவர் அவர். சுவர்க் கடிகாரம் பத்து அடித்தால்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

"தண்ணி சூடாக ஆக, வெப்பத்தைக் கடத்துறதும் கூடும். நூத்தி முப்பது டிகிரி வரைக்கும் ஏறும், அப்புறம்தான் இறங்கும். உன் கோடு மட்டும் எப்படி ஆரம்பத்துலேயே இறங்குது?"

"எனக்கும் புரியல சார். மூணு தடவை அளந்தேன். மூணு தடவையும் இப்படியேதான் வந்துச்சு," என்றாள் வேலைத் தேர்வுக்கு வந்திருந்த பெண்.

"இவனுக்கு மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு?" அதே தேர்வுக்கு வந்து பக்கத்தில் நின்ற தன் மச்சினனைக் காட்டினார். "அழகா ஏறி, நூத்தி முப்பதுல திரும்பி இறங்குது பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சீல் வச்ச எஃகுக் குடுவைதானே கொடுத்தேன்?"

"விடுங்க அத்தான்... இல்ல, சார். பாவம், அவங்களுக்கு இன்னும் கை பழகல," என்று மச்சினன் தேன் ஒழுகப் பேசினான்.

அவள் அவனை முறைத்தாள். இருப்பது ஒரே ஒரு நிரந்தர வேலை. கிடைக்காவிட்டால் இன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இவன் நம் மெஷினில் கை வைத்திருப்பானோ? அக்காள் புருஷனே தேர்வு வைத்தால் வேறு யாருக்குக் கிடைக்கும்? இரண்டு பேரும் சேர்ந்து ஆடும் நாடகமோ?

தலைவர் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். "கடைசி வாய்ப்பு. நம்பரைத் திருத்தி எழுதிக் கொடு."

"வராத நம்பரை எப்படி சார் எழுதுறது? வேலை போனாப் போகட்டும்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தலைவர் இழுப்பறையைத் திறந்து நியமன உத்தரவை எடுத்தார். பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

மச்சினன் பதறிவிட்டான். "அத்தான்! என் நம்பர்தானே சரியா இருக்கு?"

"இருக்கு மாப்ளே, தண்ணிக்குப் புத்தகத்துல போட்டிருக்கிற நம்பர் ஒண்ணு விடாம இருக்கு. ஆனா, நான் ரெண்டு குடுவையிலயும் ஊத்தி சீல் வச்சது, சூடாக ஆக இறங்கிக்கிட்டே போற எண்ணெய்!"