துணி வளையல்

காலி தண்ணீர் பாட்டிலை வளையம் வளையமாக வெட்டி, நீலக்கோடு போட்ட துணியை இறுக்கிச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தாள் யமுனா.

கார்வேட்டிநகரம் பஸ்ஸில் வந்திறங்கிய அத்தை முகத்தைச் சுளித்தாள். "இன்னாடி இது? நான்தான் கண்ணாடி வளையல் வாங்கியாந்து கீறனே!"

"அம்மாவுக்கு இதுதான் அத்தை. நானே போட்டு வுடறேன்."

அம்மாவின் முழங்கை வரைக்கும் அடுக்கினாள். தலை கொள்ளாத பூ, நெற்றி நிறையக் குங்குமம். கல்யாணப்பெண் போலிருந்த அம்மாவை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே அத்தை குங்குமத்தை அழித்தாள். பூவைப் பிய்த்துப் போட்டாள். அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து ஒன்றோடொன்று மோதினாள். சத்தமே வரவில்லை. மறுபடியும் மோதினாள்.

அம்மா கைகளை உருவிக்கொண்டு வளையல்களில் முகத்தைப் புதைத்தாள்.

"உடையாது அத்தை," என்றாள் யமுனா. "நைனா கடைசியா போட்டுக்கினு இருந்த சட்டை அது."