தொண்ணூற்றொன்று

எண்பத்து நான்கோடு அதிகாரி நிறுத்திவிட்டார்.

அவள் உட்காரவில்லை.

கழுத்தில் தொங்கிய அட்டையைக் குனிந்து பார்த்தாள். தொண்ணூற்றொன்று. நிமிர்ந்து, முன்பைவிட நேராக நின்றாள்.

பள்ளி மைதானத்தில் பத்துக்குப் பத்தாக நூறு பேர். முன்வரிசையில் இரண்டாம் வகுப்புப் பொடிசுகள். கடைசி வரிசையில் அவளைப் போல எட்டாம் வகுப்பு. ஆளுக்கொரு எண். ஒன்று முதலிலேயே உட்கார்ந்துவிட்டது. அது பகா எண்ணிலும் சேராது, பகு எண்ணிலும் சேராது. பிறகு இரண்டின் மடங்குகள், மூன்றின் மடங்குகள், ஐந்தின் மடங்குகள் என்று ஹெப்சிபா டீச்சர் சொல்லச் சொல்ல, அந்த மூன்று எண்களை மட்டும் விட்டுவிட்டு மைதானம் தணிந்துகொண்டே வந்தது. எதனாலும் வகுபடாதவர்கள் நிற்பார்கள். கடைசி வரை நிற்பவர்களுக்கு ஆளுக்கொரு ஜாமெட்ரி பாக்ஸ்.

ஏழு வந்தபோது, பள்ளியைப் பார்வையிட வந்திருந்த அதிகாரி மைக்கை வாங்கிக்கொண்டார்.

"ஏழாம் வாய்ப்பாடுதானே. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

சொன்னார். நாற்பத்தொன்பது உட்கார்ந்தது. எழுபத்தேழு உட்கார்ந்தது. பன்னிரண்டேழு எண்பத்து நாலு என்றதும் தலையாட்டி முடித்துக்கொண்டார். அவர் படித்த வாய்ப்பாடு பன்னிரண்டோடு முடிந்திருக்கும். எண்களும் அங்கேயே முடிந்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

"ஏட்டி, நீ உக்காரலியா?" தரையிலிருந்து தொண்ணூற்றிரண்டு கேட்டாள்.

"சும்மா இரிட்டி."

எண்பத்து நான்கோடு இன்னொரு ஏழைக் கூட்ட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்.

எட்டு வருடத்தில் அவள் பரிசுக்கென்று நின்றதில்லை. வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறாள். அவளுடைய கவராயத்தில் பென்சில் பிடிமானமாக இருக்காது. நூல் சுற்றி வைத்திருந்தாள். அதில் வட்டம் போட்டால், கிளம்பிய இடத்துக்குக் கோடு வந்து சேராது.

நூறு வரைக்கும் ஏழோடு கழிப்பது முடிந்தது. பரிசைப் பெரிய எண்ணிலிருந்து தொடங்குவதுதான் முறை என்றார் அதிகாரி. பெரியவர்களை முதலில் கவனிப்பது அவருக்குப் பழகிய காரியம்.

தொண்ணூற்றேழுக்கு ஒரு பெட்டி.

அடுத்தது அவளுக்கு.

"பகா எண். எந்தக் கொம்பனாலயும் வகுக்க முடியாத எண். சபாஷ்" என்று தோளில் தட்டினார்.

தகரம் சில்லென்று இருந்தது. திறந்து பார்க்கவில்லை. கவராயம் உள்ளே உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

முன்வரிசைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது அட்டைப்பெட்டி காலி. இரண்டை மாட்டியிருந்த பொடிசு, நீட்டிய கையை மடக்காமல் நின்றது.

"என்ன டீச்சர் இது? எத்தனை வாங்கினீங்க?"

"இருபத்தஞ்சு சார். நூறு வரைக்கும் பகா எண் இருபத்தஞ்சுதான்."

"நிக்கிறது இருபத்தாறு. கண்ணு முன்னால நிக்கிறதை நம்பவா, உங்களை நம்பவா?"

டீச்சர் மைதானத்தைப் பார்த்தார். வரிசை வரிசையாக. கடைசி வரிசையின் ஓரத்தில், தொண்ணூற்றொன்றில் பார்வை நின்றது. பிறகு பெட்டியில். பெட்டியை இறுக்கியிருந்த விரல்களில்.

பிறகு தரைக்குப் போய்விட்டது.

"என் தப்புதான் சார்."

"பார்வைப் பதிவேட்டை எடுத்துட்டு வாங்க" என்றார் அதிகாரி, தலைமையாசிரியரிடம். "கணக்கு டீச்சருக்கு எண்ணத் தெரியலைன்னு எழுதி வைக்கணும். அடுத்து வர்றவங்களுக்கும் தெரியட்டும்."

பதிவேடு ஓடி வந்தது.

டீச்சருக்குத் தெரியும். அவளுக்கும் இப்போது அது தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் பேனா நின்றுவிடும். பெட்டியும் போய்விடும்.

டீச்சர் சொல்லப் போவதில்லை.

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

தொண்ணூற்றொன்று உட்கார்ந்தது.

உட்கார்ந்த வாக்கில் முன்னாலிருந்த எண்பத்தொன்றின் முதுகில் பெட்டியால் இடித்தாள். "ரெண்டாம் நம்பர் பாப்பாட்ட குடு."

பெட்டி கைமாறிக் கைமாறி முன்னே போனது. நிற்பவர்கள் குனிந்து வாங்கினார்கள், உட்கார்ந்தவர்கள் எட்டி வாங்கினார்கள். கடைசியாக ஒன்று வாங்கி, பக்கத்திலிருந்த இரண்டிடம் கொடுத்தது.

"கூறுகெட்டவளே" என்றாள் தொண்ணூற்றிரண்டு. சொல்லிவிட்டு அவளை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.

அதிகாரி பேனாவோடு திரும்பினார். "ஏம்மா, நீ எதுக்கு உக்காந்தே?"

"பதிமூவேழு தொண்ணூத்தொண்ணு சார்."



அதிகாரி சிரித்தார். "வெரி குட். கவனிக்கிறீங்களான்னு பாத்தேன்." தலைமையாசிரியர் கைதட்டினார். யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்தினார்.

பதிவேட்டில் இன்னும் எழுத்து விழவில்லை. அதிகாரி பேனாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். சட்டைப்பையில் செருகிய மைக்கை அணைக்க மறந்திருந்தார்.

"எண்பத்தஞ்சு… எண்பத்தாறு…"

ஒலிபெருக்கி முணுமுணுத்தது. நூறு பேரும் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி முடிந்தன.

"தொண்ணூறு."

வலது கைக்கு மாறி, ஆறாவது விரல்.

ஏழாவதை மடக்கும் முன் அவர் திரும்பி, கடைசி வரிசையில் தரையில் இருந்தவளைப் பார்த்தார்.