பதினேழாயிரம்

குமிழை வலப்பக்கம் திருப்பினான்.

ஒலி ஏறியது.

மேசைமேல் அடுக்கியிருந்த, மின்சாரத்தில் இசையெழுப்பும் சிந்தசைசர் பெட்டிகளில் அவன் முதலில் வாங்கியது இந்த ஆசிலேட்டர். அதற்குத் தெரிந்தது ஒரே வேலை. மின்சாரத்தை ஆட்டும். நொடிக்கு நூறு தடவை ஆட்டினால் வண்டின் ரீங்காரம். ஆயிரமானால் விசில். ஒரு வோல்ட் கூட்டினால் சரியாக ஒரு ஸ்தாயி ஏறும். பத்து வருடமாகியும் இது அவனுக்கு அலுக்கவில்லை.

அலையின் வடிவத்தை மாற்றிப் பார்த்தான். ரம்பப்பல் அலை தகரத்தைக் கிழித்தது. வளைந்த அலைக்கு வந்ததும் அதே சுரம் எண்ணெய் பூசியதுபோல வழுக்கியது.

இது போதும்.

எதிரே நாற்காலியில் குலசேகர் உட்கார்ந்திருந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர். அறுபத்தைந்து வயது. இந்தச் சத்தத்துக்காகப் போன வருடம் அவன் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியவர். இன்று தேடி வந்திருந்தார்.

அவர் குறை இது: குடியிருப்பின் மதிலோர வேப்பமர நிழலில் சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள் ஆர்டருக்காகக் காத்து உட்காருகிறார்கள்.

"எல்லாம் இருவது வயசுப் பசங்க. ஒரே வேர்வை நாத்தம், அசிங்கம். திட்டினா வீடியோ எடுப்பானுங்க. சின்ன வயசுக்காரங்களுக்கு மட்டும் கேக்கற சத்தம் இருக்காமே தம்பி? மதில்ல ஸ்பீக்கர் வச்சிடலாம்."

இருக்கிறது என்று அவன்தான் உற்சாகமாக விளக்கினான். வயது ஏற ஏறக் காது மேலிருந்து ஒலிகளை உதிர்த்துக்கொண்டே வரும். இருபதில் நொடிக்குப் பதினேழாயிரம் ஆட்டம்வரை கேட்கும். அவனுடைய நாற்பத்து நான்கில் பதின்மூன்றாயிரத்தோடு சரி. அறுபதைத் தாண்டினால் பத்தாயிரமே சந்தேகம்.

யாராவது கேட்டால் அவனால் விளக்காமல் இருக்க முடியாது.

குமிழை இன்னும் திருப்பினான்.

பதின்மூன்றாயிரத்தைத் தாண்டியதும் அறை அமைதியானது. சின்னத் திரையில் மட்டும் அலை நெருக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

பதினேழாயிரம். ஒலியளவைக் கூட்டினான்.

மின்விசிறி சுற்றும் சத்தம்.

"போட்டாச்சா? ஒண்ணும் கேக்கலையே."

உள்ளறைக் கதவு திறந்தது. மகள் தாரிகா. ஒன்பது வயது. படம் வரைந்துகொண்டிருந்தவள், இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியபடி வந்தாள்.

"அப்பா, நிறுத்துப்பா. பல்லெல்லாம் கூசுது. வாந்தி வர மாதிரி இருக்கு."

குலசேகர் சிரித்தபடி தொடையில் தட்டினார்.

"வேலை செய்யுது தம்பி! பாப்பா, இன்னும் ஒரு நிமிஷம் அங்கயே நில்லு. ரொம்ப வலிக்குதா, கொஞ்சமா?"

ஒலியை வெட்டினான்.

வாயில் திரிந்த பால்போல ஏதோ ஊறியது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததால்தான் என்று முதலில் நினைத்தான். குமிழைப் பிடித்திருந்த விரல்கள் பிசுபிசுத்தன. சட்டையில் துடைத்தான். போகவில்லை.

"இத அப்படியே சேவ் பண்ணிடுங்க."

இதில் சேமிக்க வழியில்லை. குமிழ் நகர்ந்தால் ஒலி போயிற்று. ஆனால் விரலுக்கு இடம் தெரிந்துவிட்டது.

"தாரிகா, கீழ போய்க் கொஞ்ச நேரம் விளையாடு."

"வெயில் அடிக்குதுப்பா."

"வேப்பமரத்தடில உக்காரு. அண்ணனுங்க இருப்பாங்க."

அவள் செருப்பு மாட்டிக்கொண்டு போனாள். படிகளில் காலடி இறங்கி மறையும்வரை காத்திருந்தான்.

"நம்மள மாதிரி பெரியவங்களுக்குத் தொந்தரவே இல்ல பாருங்க," என்றார் குலசேகர். "அதான் அருமை."

"இன்னொரு தடவை போட்டுக் காட்டறேன் சார்."

எழுந்து ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்பி வைத்தான். வளைந்த அலையிலிருந்து ரம்பப்பல்லுக்கு மாற்றினான். ஒலியளவைக் கடைசிவரை ஏற்றினான்.

அமைதி.

குமிழை இடப்பக்கம் திருப்பத் தொடங்கினான். பதினாறு. பதினைந்து. பதினான்கு.

பதின்மூன்றில் அவனுக்குக் கேட்டது. காதுக்குள் ஊசி. பல் கூசியது. கையை எடுக்கவில்லை.

குலசேகர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவன் இன்னும் கொஞ்சம் இறக்கினான்.