ஆறுமுன் திறந்த மூடி

மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டைகளைக் கரியாக்கும் இரும்புப் பீப்பாய் அது. ஆறுவதற்கு முன்பே தம்பி திறந்துவிட்ட மூடி தரையில் கிடக்கிறது. காற்று புகுந்ததும், உள்ளே கறுத்துக் கிடந்ததெல்லாம் சிவந்து, ஆளுயரத்துக்குத் தீ எழுகிறது. அண்ணன் அவன் பிடரியைப் பிடித்துத் தீயின் பக்கம் அழுத்துகிறான். புருவம் பொசுங்கி நாறுகிறது. “வெந்துச்சான்னுதான்ணே பாத்தேன்!” “தொறந்து தொறந்து பாக்க இது என்ன சோத்துப் பானையாடா? நிலத்துக்கு உரமாப் போடக் கரி கேட்டா சாம்பலைக் குடுக்குற!” மண்வெட்டிக் காம்பு முதுகில் இறங்குகிறது. தம்பி முகம் குப்புற விழுகிறான். காம்பு மறுபடி ஓங்கும்போது, அண்ணி ஈரச்சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு ஓடிவந்து மூடியைத் தூக்கிப் பீப்பாயின் மேல் அறைகிறாள். “கொல்றத அப்புறம் கொல்லுங்க. காத்து உள்ள போகுது, ரெண்டு பேரும் வந்து மண்ணு பூசுங்க!” மூவரும் குழைத்த மண்ணை அள்ளி விளிம்பில் அப்புகிறார்கள். தம்பியின் மூக்கிலிருந்து ரத்தம் மூடியில் சொட்டிச் சுரீரென்று பொரிகிறது. அண்ணன் அதன் மேலேயே மண்ணை அப்புகிறான். கடைசிப் பிளவும் அடைபட்டுப் புகை நிற்கிறது. அண்ணனின் சேற்றுக்கை பின்னால் நீண்டு காம்பைத் தேடுகிறது.